பொறுப்பாளர் யார்? பெயரைச் சொல்லுங்கள்

கொடைக்கானலில் மழை பிடித்தால் மலைப்பாதையில் மண் சரிகிறது. கோடை நீண்டால் மேல்மலையில் காடு எரிகிறது. இரண்டும் இந்த மலைக்குப் புதியவை அல்ல. மண் சரிந்தால் நெடுஞ்சாலைத் துறை ஜேசிபி அனுப்புகிறது. காடு எரிந்தால் வனத்துறை ஆள் அனுப்புகிறது. கம்பம் சாய்ந்தால் மின்வாரியம் ஓடி வருகிறது. அரசு அலுவலக அலமாரியில் பதிவேடு நனைந்தால் யார் வருவார்கள்? நூலகத்தில் புத்தகம் ஊறினால் யாருக்குப் போன் செய்வது? எந்த அலுவலகத்திலும் இதற்குப் பதில் கிடைப்பதில்லை. ஒரு மேசை இன்னொரு மேசையைக் கைகாட்டுகிறது.

இது கவனக்குறைவு. பல ஆண்டுகளாகத் தெரிந்தே தொடரும் கவனக்குறைவு. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

மாவட்ட ஆட்சியருக்கும், பொது நூலகத் துறைக்கும், வருவாய்த் துறைக்கும், அறநிலையத் துறைக்கும் இந்த மலையில் என்ன இருக்கிறது என்று நினைவூட்ட வேண்டிய நிலை வந்திருக்கிறது. படகுத் துறையும் தூண் பாறையும் மட்டும் கொடைக்கானல் ஆகிவிடாது.

ஊர்க்காரர்கள் அப்சர்வேட்டரி என்று அழைக்கும் சூரிய வான்நோக்கு நிலையம் இங்கே இருக்கிறது. அதன் பிறப்பே ஒரு பேரிடரில்தான். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. பருவமழை ஏன் பொய்க்கிறது, சூரியனின் மாற்றங்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அந்தக் கேள்வியின் தொடர்ச்சியாகத்தான் இந்த மலையுச்சியில் சூரியனுக்கென்று ஒரு நிலையம் எழுந்தது. சென்னை வான்நோக்கு நிலையத்தின் பணி 1899-இல் இங்கே இடம் பெயர்ந்தது. 1904 முதல், வானம் விட்டுக்கொடுத்த நாள்களில் எல்லாம் சூரியனைப் படம் பிடித்தார்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டறிந்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் இன்றும் அதைப் படிக்கிறது.

நூறு ஆண்டுகளைத் தாண்டிய சூரியன் கண்ணாடித் தட்டுகளிலும் ஃபிலிம்களிலும் இங்கே பதிந்திருக்கிறது. அந்தத் தட்டு எப்படிப்பட்ட பொருள் என்று அதிகாரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியின் ஒரு முகத்தில் மெல்லிய ஜெலட்டின் பூச்சு. பூச்சுக்குள் வெள்ளித் துகள்கள். அந்தத் துகள்கள்தான் படம். பூச்சு நனைந்தால் ஊறி இளகும். மேலே சுற்றிய காகித உறையோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டுப் பிரித்தால் படம் உறையோடு உரிந்து வந்துவிடும். ஈரம் தங்கினால் பூசணம் ஜெலட்டினைத் தின்னும். நெருப்பின் சூட்டில் கண்ணாடி வெடிக்கும். 1910-இல் ஒரு காலையில் சூரியன் எப்படி இருந்தது என்பதை மறுபடி படம் பிடிக்க எந்த அரசாலும் முடியாது.

நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் இந்தத் தட்டுகளை மின்னணுப் படங்களாக மாற்றி உலகத்து ஆய்வாளர்களுக்குத் திறந்து விட்டிருக்கிறது. இதே மலையில், இதே ஈரத்தில், இதே மின்வெட்டில் செய்த வேலை அது. ஆகவே மற்றவர்கள் மலையைக் காரணம் காட்ட வேண்டாம்.

செண்பகனூரில் 1895 முதல் இருக்கும் திரு இருதயக் கல்லூரி வளாகத்தில் அருங்காட்சியகமும் இயேசு சபை மதுரை மாநிலத்தின் ஆவணங்களும் உள்ளன. பழனி மலையின் கற்திட்டைகளைப் பற்றி ஆங்லேட், நியூட்டன் ஆகிய இரு இயேசு சபைக் குருக்கள் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. அந்தக் கற்திட்டைகளில் பல இன்று சிதைந்து போய்விட்டன. கல்லே போன பிறகு காகிதம்தான் சாட்சி. அந்தக் காகிதமும் போனால் இந்த மலையில் மனிதர் வாழ்ந்த கதையின் முதல் அத்தியாயம் போய்விடும்.

அடிவாரத்தில் பழனி. ஓலைச்சுவடிகளில் கிடந்த சித்த மருத்துவத்தைத் திரட்டி நூல்களாக அச்சிட்ட பெருமை பழனி தேவஸ்தானத்துக்கு உண்டு. அந்த அக்கறை தொடர்ந்திருந்தால் வைத்தியர் வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கும் சுவடிகளுக்கு ஒரு பட்டியலாவது இருந்திருக்கும். ரோப் காருக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு நாள் குறிக்கும் நிர்வாகம், சுவடிக்கும் செப்பேட்டுக்கும் ஒரு நாள் குறிக்கட்டும்.

இவை பெரிய பெயர்கள். சிறிய பெயர்களுக்கு வருவோம். எங்கள் கோபம் அங்கேதான் அதிகம்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் சிட்டாவும் அடங்கலும் ஏ பதிவேடும் இருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் எழுதிய பழைய கிரயங்கள் இருக்கின்றன. பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. ஊராட்சியில் கிராம சபைத் தீர்மானப் புத்தகம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி நிலம் கேட்ட பளியர் குடும்பங்களின் மனுக்கள் கோப்புகளில் இருக்கின்றன. படித்தவர் வீட்டில் நகல் இருக்கும். பளியர் குடியிருப்பில் நகல் ஏது? கோப்பு நனைந்து கூழானால் அந்தக் குடும்பம் மறுபடியும் முதல் மனுவிலிருந்து தொடங்க வேண்டும். சாட்சி சொல்ல இருந்த பெரியவர் அதற்குள் இறந்திருப்பார். இதை எந்த நிவாரணத் தொகையாலும் ஈடுகட்ட முடியாது.

மலைக்கிராம நூலகம் ஒன்றில் நாங்கள் கண்டதைச் சொல்கிறோம். ஊரின் பெயர் வேண்டாம், பொறுப்பு மேலே இருக்கிறது. மழை தொடங்கியதும் நூலகர் கீழ்த்தட்டுப் புத்தகங்களை எடுத்து வாசகர் பெஞ்சின் மேல் அடுக்குகிறார். ஓடு ஒழுகும் மூலையில் பிளாஸ்டிக் வாளி. அலமாரி மேல் தார்ப்பாய். தார்ப்பாய் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. சுவரோடு ஒட்டிய புத்தகங்களின் முதுகில் பூசணம் சாம்பல் பூத்திருக்கிறது. ராமபாணப் பூச்சி அட்டையின் பசையைத் தின்று தீர்த்திருக்கிறது. அந்த நூலகருக்கு யாரும் பயிற்சி தரவில்லை. அவருக்குத் தெரிந்தது புத்தகத்தின் மேல் உள்ள பாசம். ஒரு துறை தன் கடமையை ஓர் ஊழியரின் பாசத்தின் மேல் சுமத்திவிட்டு ஓய்ந்திருக்கிறது.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் முன்பே, 1948-இல், பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. நூலகத்துக்கென்று தனி வரி கட்டுகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், தனியே எழுதியிருக்கும். அந்தப் பணத்தை வசூலிக்கும் உள்ளாட்சிகள் அதை நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகச் செலுத்துவதில்லை என்பது தமிழ்நாடு முழுவதும் ஊரறிந்த செய்தி. நூலகத்துக்காக மக்கள் கொடுத்த காசு அது. அதை வேறு செலவுக்குத் திருப்ப எந்த நகராட்சிக்கும் உரிமை இல்லை. ஓடு மாற்றப் பணம் இல்லை என்று நூலகரிடம் சொல்லும் வாய், வசூலித்த பணம் எங்கே என்று சொல்லட்டும்.

சட்டம் இல்லை என்றும் சொல்லாதீர்கள். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் பேரிடர் என்பதில் உயிரிழப்போடு சொத்து அழிவையும் சேர்த்தே சொல்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். 32-ஆம் பிரிவு மாவட்ட அளவில் உள்ள ஒவ்வொரு மத்திய, மாநில அலுவலகமும் ஒவ்வொரு உள்ளாட்சியும் தனக்கென்று ஒரு பேரிடர் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அதை அவ்வப்போது திருத்த வேண்டும் என்கிறது. நகலை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. சட்டம் சுமத்திய கடமையைச் செய்ய மறுக்கும் அலுவலருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்று 56-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. கொடைக்கானல் வட்டத்தில் எந்தெந்த அலுவலகம் திட்டம் கொடுத்தது, அதில் பதிவேடுகளைப் பற்றி ஒரு வரியாவது உண்டா என்பதை ஆட்சியர் வெளியிட வேண்டும். இரகசியமாக வைக்க அதில் எதுவும் இல்லை.

எச்சரிக்கை வரவில்லை என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலச மகால் எரிந்தது. சென்னையின் நடுவில், தலைமைச் செயலகத்துக்கு அருகில், தீயணைப்பு வண்டிகள் நிமிடங்களில் வந்து சேரும் இடத்தில் எரிந்தது. தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரைக் கொடுத்தார். அங்கே இயங்கிய அரசு அலுவலகங்களின் கோப்புகள் சாம்பலாயின. பிறகு பொதுப்பணித் துறை கட்டடத்தை அழகாக மீட்டெடுத்தது. கோப்புகளை மீட்டெடுக்க ஒரு துறையும் இல்லை. சென்னையிலேயே இந்தக் கதி என்றால், கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் உள்ள கவுஞ்சியிலும் கிளாவரையிலும் என்ன ஆகும்?

2016 ஏப்ரல் 26. தில்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்து முடிந்தது. கட்டடத்தின் தீயணைப்புச் சாதனங்கள் வேலை செய்யவில்லை என்று தீயணைப்புத் துறையினரே சொன்னார்கள். சாதனம் சுவரில் இருந்தது. அதைச் சோதிக்கும் ஆள் இல்லை. அடுத்த ஆண்டு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அருங்காட்சியகங்களுக்கென்று நெறிமுறை வெளியிட்டது. எரிந்த பிறகு நெறிமுறை. இங்கும் அதற்குத்தான் காத்திருக்கிறீர்களா?

அப்சர்வேட்டரிக்கு நேர் உறவான ஓர் இடத்தின் கதையைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் கான்பெரா நகருக்கு அருகில் மவுண்ட் ஸ்ட்ரோம்லோ. சூரியனை ஆராய 1924-இல் அமைத்த மலைமேல் நிலையம். சுற்றிலும் பைன் தோட்டம். 2003 ஜனவரி 18 அன்று காட்டுத்தீ அந்த மலையேறியது. தொலைநோக்கிகளும் பட்டறைகளும் பழைய நிர்வாகக் கட்டடமும் அழிந்தன. பணக்கார நாடு, நவீன தீயணைப்பு, தலைநகரின் ஓரம். அப்படியும் அழிந்தது. பழனி மலையைச் சுற்றிப் பாருங்கள். பைனும் தைல மரமும் சீகை மரமும் சோலைக்காட்டின் இடத்தைப் பிடித்து நிற்கின்றன. கோடையில் அவற்றின் கீழே சருகு முழங்கால் வரை கிடக்கிறது. 2024 கோடையில் மேல்மலைக் காடுகள் நாள்கணக்கில் எரிந்ததை இந்த ஊர் பார்த்தது. ஆவணம் வைத்திருக்கும் எந்தக் கட்டடத்தைச் சுற்றியும் தீத்தடுப்புக் கோடு வெட்டியாக வேண்டும். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். அரிவாளும் கூலியும் போதும்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம் என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலுக்குத் தென்கொரியா மறுபதில் கொடுத்துவிட்டது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் மின்கலத்தில் பற்றிய தீ, அரசு ஊழியர்களின் கோப்புக் கிடங்கை விழுங்கியது. 858 டெராபைட். வெளியே வேறு நகல் இல்லை. கணினித் துறையில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாட்டில் இது நடந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றுவது பாதி வேலை. இன்னொரு நகல் வேறோர் ஊரில், வேறொரு மின் இணைப்பில் இருக்க வேண்டும். அந்த நகல் திறக்கிறதா என்று யாராவது திறந்து பார்க்க வேண்டும். அலுவலக அலமாரியில் பூட்டிய ஹார்ட் டிஸ்க், எரியும் அலமாரியோடு எரியும். மலை துண்டிக்கப்படும் நாளும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல் மாவட்டத்தைக் கடந்தபோது மலையில் மரங்கள் சாய்ந்தன, பாதை அடைபட்டது, மின்சாரம் போனது. அந்த நாள்களில் மலை தன்னந்தனியாக இருந்தது. அப்படி ஒரு நாளைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் கொடைக்கானலுக்கு உதவாது.

யாழ்ப்பாண நூலகத்தைத் தமிழர் எவரும் மறக்கவில்லை. 1981 மே 31 இரவில் தொடங்கிய எரிப்பில் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அது கொலைவெறி. இங்கே நடப்பது அதோடு ஒப்பிடத் தக்கது அல்ல. ஆனால் ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருந்தது போனால் என்றென்றைக்குமாகப் போகும் என்பதை அந்த இரவு நமக்குக் கற்றுக்கொடுத்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் மேடையேறிக் கண்ணீர் விடுபவர்களில் எத்தனை பேர் தம் ஊர் நூலகத்தின் ஒழுகும் கூரையைப் பற்றி ஆட்சியருக்கு ஒரு மனு எழுதினார்கள்? அந்தக் கேள்வி எங்கள் வாசகர்களுக்கும் சேர்த்துத்தான்.

அதிகாரிகளுக்கு விளங்காத ஒன்று உண்டு. புத்தகமும் கோப்பும் நெருப்பில் அழிவதைவிட நீரில் அழிவது அதிகம். நெருப்பை அணைக்க அடிக்கும் நீரும் அதில் சேர்த்தி. நனைந்த காகிதத்தில் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கும். கொடைக்கானலின் மழைக்கால ஈரத்தில் வெயிலுக்குக் காத்திருப்பது கோப்பைக் கைவிடுவதற்குச் சமம். 2004 செப்டம்பரில் ஜெர்மனியின் வைமார் நகரில் அன்னா அமாலியா நூலகம் எரிந்தபோது 50,000 நூல்கள் அழிந்தன. நீரிலும் புகையிலும் சேதப்பட்ட 62,000 நூல்களை அவர்கள் விட்டுவிடவில்லை. நனைந்தவற்றை உடனே லைப்சிக் நகருக்குக் கொண்டுபோய் உறையவைத்தார்கள். உறைந்த காகிதத்தில் பூசணம் வளராது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக மீட்டார்கள். எங்கே கொண்டுபோவது என்பது தெரிந்திருந்ததால் அது நடந்தது. இங்கே ஒரு லாரி நனைந்த பதிவேடு கிடைத்தால் எந்தக் குளிர்பதனக் கிடங்கின் கதவைத் தட்டுவீர்கள்? வத்தலக்குண்டுப் பாதை அடைபட்டால் பழனிப் பாதையா, அடுக்கம் பாதையா? லாரிக்கு யார் கையெழுத்துப் போடுவார்? மண் சரிந்த இரவில் இந்தக் கேள்விகளுக்குக் கூட்டம் போட்டுப் பதில் தேட முடியாது.

ஆகவே எங்கள் கோரிக்கை தெளிவானது. திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் கொடைக்கானல், பழனி வட்டங்களில் உள்ள ஒவ்வொரு நூலகத்துக்கும் பதிவறைக்கும் ஒரு பொறுப்பு அலுவலரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். பதவியைச் சொல்லிக் கடந்துபோகக் கூடாது. பெயரும் கைப்பேசி எண்ணும் கதவில் எழுதப்பட வேண்டும். எந்த அலமாரியை முதலில் வெளியே எடுப்பது என்று அந்த அலுவலர் முன்கூட்டியே முடிவு செய்து தீயணைப்பு நிலையத்தில் வரைபடத்தோடு கொடுக்க வேண்டும். இருட்டில், புகையில் நுழையும் வீரருக்கு எல்லா அலமாரியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பொது நூலகத் துறை மலையின் கிளை நூலகங்களையும் ஊர்ப்புற நூலகங்களையும் மழைக்கு முன் நேரில் பார்க்க வேண்டும். கோப்பில் பார்த்தது போதும். கொடைக்கானல் நகராட்சியும், பேரூராட்சிகளும், ஊராட்சிகளும் நூலக வரியாக வசூலித்தது எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு என்பதைத் தகவல் பலகையில் ஒட்ட வேண்டும். நிலுவை இருந்தால் செலுத்தும் தேதியையும் எழுத வேண்டும்.

செண்பகனூர் தனியார் நிறுவனம், அரசுக்கு அங்கே வேலையில்லை என்ற வாதம் எடுபடாது. அங்குள்ள ஆவணம் மதுரை நாட்டின் வரலாறு. மாவட்ட ஆணையம் அவர்களையும் வான்நோக்கு நிலையத்தாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து ஒரே திட்டம் போட வேண்டும். வான்நோக்கு நிலையமும் தன் மூலத் தட்டுகளுக்கான தீ, வெள்ளப் பாதுகாப்புத் திட்டத்தை ஊரறிய வெளியிட வேண்டும். படம் மின்னணுவில் இருக்கிறது என்பதற்காகத் தட்டை விட்டுவிட முடியாது. நாளை இதைவிடக் கூர்மையான கருவி வரும். அது தட்டைத்தான் கேட்கும்.

இந்த மலைக்கு ஏறும் ஒவ்வொரு வெளியூர்க் காருக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் உண்டு. உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் சில நாள்களில் அந்த ஏற்பாடு வந்தது. நினைத்தால் முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். நூலகங்களுக்கும் பதிவறைகளுக்கும் ஒரு நீதிமன்ற உத்தரவு வரட்டும் என்று நிர்வாகம் காத்திருந்தால், அதைப் பெற்றுத்தரவும் இந்த ஊரில் ஆள்கள் இருக்கிறார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் அலுவலர் பெயர்கள் கதவுகளில் இருக்க வேண்டும். நூலக வரிக் கணக்கு தகவல் பலகையில் இருக்க வேண்டும். 32-ஆம் பிரிவின்படியான திட்டங்கள் மாவட்ட இணையதளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தெந்த அலுவலகக் கதவு வெறுமையாக இருக்கிறது என்பதை, அந்த அலுவலகத் தலைவரின் பதவியோடு, நவம்பர் முதல் வாரத்தில் இதே பக்கத்தில் அச்சிடுவோம்.